கோட்டுக்கு அப்பால் பத்தடி

(இரவுப் பாடசாலை ஒன்றின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசிய தோழர் கல்வி உரிமை பற்றி விரிவாகவே சொல்லிட்டார். நான் வருசத்துல ஒரே ஒரு நாளைப் பத்தி மட்டும் பேசறேன். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழா நாள். நம் இயக்கத் தீர்மானங்கள் எதிலும் இந்த நாளுக்கு இடமிருந்ததா எனக்கு நினைவில்லை.

அன்னிக்கு என்ன நடக்குது? சாமியானா போட்டு முன்வரிசை நாற்காலியில ஊர்த்தெரு பெரிய மனுசங்க உக்காந்திருப்பாங்க. அவங்க புள்ள ஓடும்போது அவங்களே எழுந்து நின்னு கத்துவாங்க. நம்ம புள்ளைங்களும் ஓடும். பாக்கத்தான் ஆள் இருக்காது. வேலை நாள்; போனா கூலி போச்சு. எங்கப்பா கரும்பு வெட்டப் போனவர். நான் ஓடி அவர் பாத்ததே இல்ல. அதை அவர்மேல குறையாச் சொல்லல. கூலிக் கணக்கைச் சொல்றேன்.

போன பிப்ரவரியில எம் பொண்ணு முதல்முறையா ஓடினா. ரெண்டாம் வகுப்பு, 50 மீட்டர். லீவு கேட்டப்போ பேங்க்ல ஒருத்தர் சிரிச்சார்: “ஓட்டப்பந்தயத்துக்கெல்லாமா லீவு?” கல்யாணத்துக்கு எடுத்தா மட்டும் சிரிக்க மாட்டார்.

மூணு வாரம் காலையில ஏரிக்கரையில அவளோட ஓடினேன். உங்களுக்கு உபயோகப்படும்னு சொல்றேன். சின்னப் புள்ளைங்க ஓட்டத்துல தோக்குறது காலால இல்ல. விசில் சத்தத்துல திகைச்சு நிக்கும். ஓடும்போதே பக்கத்துல வர்றவளைத் திரும்பிப் பாக்கும். கோடு வந்ததும் நின்னுடும். இது மூணையும் வீட்டு வாசல்லயே பழக்கலாம். நான் விசில் ஊதுவேன், அவ கிளம்புவா. கடைசிக் கோட்டுக்குப் பத்தடி தள்ளி நான் நிப்பேன். கோடு வரைக்கும் இல்ல, என் வயித்துல வந்து முட்டுற வரைக்கும் ஓடணும்னு சொல்லி வச்சிருந்தேன். புது ஷூவை அன்னிக்கே மாட்டி விடாதீங்க, கடிக்கும். வெறுங்கால்ல பழகின புள்ள வெறுங்கால்லயே ஓடட்டும். காலையில ரெண்டு இட்லி போதும். ஜெயிச்சா இதை வாங்கித் தர்றேன், அதை வாங்கித் தர்றேன்னு ஆசை காட்டவே வேண்டாம்.

முறையான ஓடுதளத்துல ஒருத்தர் ஓடுற பாதை 1.22 மீட்டர் அகலம். குறுவோட்டத்துல அடுத்தவர் அதுக்குள்ள வந்து தடுத்தா அவர் தகுதி போயிடும். வயசு வித்தியாசம் இல்லாம நம்மளைத் தெருவுல மறிச்ச நாட்டுல, சுண்ணாம்புத் தூள்ல போட்ட அந்த ரெண்டு கோட்டைப் பாக்கும்போது எனக்கு என்னவோ செய்யுது. ஆனா அதைப் பாத்து ஏமாந்துடாதீங்க. முதல் நாள் மைதானத்தைக் கூட்டினது யார் வீட்டுப் புள்ளைங்கன்னு விசாரிச்சேன். பதில் உங்களுக்கே தெரியும்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் நம்ம பொண்ணு. அப்பா, அம்மா செங்கல் சூளைத் தொழிலாளிகள். ஓடக் கத்துக் கொடுத்தது தாத்தா. 2006-ல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினாங்க. பாலினச் சோதனைன்னு சொல்லி அந்தப் பதக்கத்தைப் பிடுங்கினாங்க. பதக்கத்தைத்தான் பிடுங்க முடிஞ்சது. பின்னாடி அவங்க பயிற்சியாளராகி மத்த புள்ளைங்களை ஓட வச்சாங்க. மதுரைப் பக்கம் ரேவதி வீரமணியைச் சின்ன வயசிலேயே பெத்தவங்களை இழந்த பிறகு வளர்த்தது கூலி வேலை செஞ்ச பாட்டி. முதல்ல பாட்டி ஒத்துக்கல. பயிற்சியாளர் வந்து பேசினார். பொம்பளைப் புள்ளையை எதுக்கு அனுப்பறேன்னு ஊர் கேட்டும் பாட்டி அனுப்பினாங்க. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் அந்தப் பொண்ணு ஓடிச்சு. ரெண்டு பேருக்கும் பின்னால வீட்டுல ஒரு ஆள் இருந்திருக்கு.

எம் பொண்ணோட சேர்த்து ஓடினது ஆறு பேர். நான் சொல்லி வச்ச மாதிரியே வந்து வயித்துல முட்டினா. “எத்தினியாவதுப்பா?” “அஞ்சாவதும்மா.” கொஞ்ச நேரம் யோசிச்சு, “அப்ப ஒருத்தியை முந்திட்டேன்” அப்டின்னா. அவளுக்கு அது போதுமா இருந்தது, எனக்கும்.

அந்த ஆறாவது புள்ளையைத்தான் மறக்க முடியல. பாதித் தூரம் வரைக்கும் அவதான் முதல். நம்ம காலனிப் புள்ள. அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க. கோட்டுக்கு மூணு தப்படி இருக்கும்போது சாமியானாப் பக்கம் திரும்பி யாரையோ தேடினா. அப்படியே நின்னுட்டா. அஞ்சு பேரும் தாண்டிப் போனாங்க. ஒரு டீச்சர் “ஓடு ஓடு”ன்னு கத்துறாங்க. அவ எந்தப் பக்கம்னு தெரியாம நிக்கிறா.

அதனால ஒரு கோரிக்கை. அரசாங்கத்துக்கிட்ட இல்ல, நம்மகிட்டயே. விளையாட்டு விழா நாள்ல ஒவ்வொரு பள்ளிக்கும் சங்கத்துலேர்ந்து ரெண்டு பேர் போகணும். வர முடிஞ்ச தாய்க்கோ தகப்பனுக்கோ அன்னிக்குப் போற அரை நாள் கூலியைச் சங்கம் தரணும். கொடியேத்தவும் ஒலிபெருக்கிக்கும் செலவழிக்கிறோமே, அதுல ஒரு பங்கு போதும். என் பங்கை இப்பவே செயலாளர்கிட்ட தந்துட்டேன்.

வர்ற வெள்ளிக்கிழமை நடுநிலைப் பள்ளியில ஓட்டம். நம்ம தெருவுலேர்ந்து பதினோரு புள்ளைங்க ஓடுது. நாலு பேருக்கு நிக்க ஆள் இல்ல. நோட்டு அந்தத் தூண்கிட்ட இருக்கு, பேரெழுதிட்டுப் போங்க.