சத்தமும் பக்தியும்



விடுதியில் என் அறை நண்பன் ஒரு கேசட் போட்டான். ஸ்ட்ரைப்பர் என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் குழு 1986-இல் வெளியிட்ட ஆல்பம். காதைப் பிளக்கும் கிட்டார்; பாட்டோ ஏசுவைப் பற்றி! மேடையிலிருந்து கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டை வீசுவார்களாம். நானோ கடவுள் மறுப்பாளன். "பஜனைக்கு எதுக்குடா இவ்வளவு சத்தம்?" என்று சிரித்தேன். அவன் முகம் வாடிப்போச்சு.

அந்த ஐப்பசியில், நம்ம ராசிபுரம் நித்திய சுமங்கலி மாரியம்மன் திருவிழாவில் மேளம் அதிர்ந்தது. சாமியே இல்லைங்கிற என் காலும் தாளம் போட்டுச்சு. பக்தியில் சத்தம் நமக்கென்ன புதுசா? அன்றிரவே கேசட்டைக் கேட்டு வாங்கினேன். மைக்கேல் ஸ்வீட்டின் உச்சக்குரல் பிடித்துப்போனது.

நம்பிக்கை இன்றுவரை வரவில்லை; பாட்டையும் விடவில்லை. நண்பா, அன்று சிரித்ததற்கு இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன்.