பொழுது பார்த்துப் பூக்கும் அவரை



ஆனேக்கல் பக்கம் ஆடி மாதம் கேழ்வரகு விதைப்பார்கள். நடுநடுவே அக்கடிச் சாலில் அவரை போடுவார்கள். தமிழ்நாட்டில் இதை மொச்சை என்பார்கள். மார்கழியிலும் தையிலும் காய் வரும். பனியில் அதன் மணமே தனி. பெங்களூர்ச் சந்தைக்கு மூட்டை மூட்டையாகப் போகும். வீட்டிலே பிதுக்கின பருப்புக் குழம்பு கொதிக்கும்.

அதே விதையைக் கிணற்றுத் தண்ணீரை நம்பி மாசிக் கடைசியில் போட்டால்? கொடி ஓடும். இலை தழைக்கும். சித்திரை போகும், வைகாசி போகும். பூ மட்டும் வராது. விதை மட்டமா? எரு போதவில்லையா? யார் கண் பட்டது? கடன் வாங்கிப் பயிர் வைத்தவருக்குத் தூக்கம் வராது. ஆனால் விதையில் குற்றமில்லை. அந்தக் கொடி பொழுதுக்குக் காத்திருக்கிறது.

இந்தப் பக்கம் ஆனி மாதத்தில் பகல் ஏறக்குறைய 13 மணி நேரம். மார்கழியில் 11½ மணிக்கும் சற்றுக் குறைவு. ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். மனிதர் கவனிப்பதில்லை, அவரை கவனிக்கிறது. சரியாகச் சொன்னால், செடி அளப்பது இரவை. இரவு நீண்டால்தான் மொட்டு விடும். 1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் பொழுது பார்த்துப் பூக்கும் குணத்தைப் புகையிலையிலும் சோயாவிலும் கண்டு எழுதினார்கள்.

மக்காச்சோளத்திலும் இதே கதை உண்டு. அது மெக்சிகோ நாட்டில் பிறந்த பயிர். அதன் காட்டு உறவான தியோசிந்தே, பகல் நீண்டால் பூக்கத் தாமதிக்கும். காத்திருக்கும் குணம் குறைந்த செடிகளால்தான் மக்காச்சோளம் வடக்கே குளிர் நாடுகளுக்குப் போக முடிந்தது.

பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் காத்திராத அவரையை உண்டாக்கியது. ஹெப்பாள் அவரை 3, ஹெப்பாள் அவரை 4 என்று பெயர். இவை குத்துச் செடிகள். எந்த மாதம் விதைத்தாலும் சுமார் ஒன்றரை மாதத்தில் பூக்கும்.

பழைய கொடியையும் புதிய குத்துச் செடியையும் கலந்தால் பிள்ளைச் செடி எப்படி இருக்கும்? பாதிக் காலம் காத்திருக்குமா? இல்லை. முதல் தலைமுறையில் எல்லாமே காத்திருக்கும். புதிய குணம் அழிந்தது போலத் தோன்றும். அழியவில்லை, ஒளிந்திருக்கிறது. அந்தச் செடிகளின் விதையை விதைத்தால் நாலில் மூன்று பங்கு காத்திருக்கும், ஒரு பங்கு காத்திராது. 400 செடி என்றால் ஏறக்குறைய 100. பாட்டியின் சாயல் மகளிடம் இல்லாமல் பேத்தியிடம் வருவது போலத்தான். அந்த நூறின் விதை, வேறு கலப்பு வராத வரை, இந்தக் குணத்தில் இனி மாறாது. பழைய அவரையின் மணத்தையும் புதியதன் அவசரத்தையும் ஒரே செடியில் சேர்க்க நினைப்பவர்கள் இந்த இரண்டாம் தலைமுறைக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

வீட்டில் விதை எடுத்து வைப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அவரைப் பூ பெரும்பாலும் தனக்குத் தானே சூல் கொள்ளும். ஆனாலும் தேனீ சில பூக்களைக் கலந்துவிடும். பனிக்காலத்தில் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்து பூக்கும். அப்போது எடுக்கும் விதையில் கலப்பு வரலாம். கோடையில் பழைய அவரை எங்கும் பூப்பதில்லை. அதனால் குத்துச் செடிக்கு விதை எடுக்கக் கோடைப் பயிரே நல்லது. நடுவே ஒன்று மட்டும் பூக்காமல் கொடி ஓடினால் அது கலப்புச் செடி. பிடுங்கி மாட்டுக்குப் போடுங்கள்.