நம் செய்தியை நாமே சொல்வோம்

(எல்லைப்பகுதிக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இடுக்கி மலையிலும் பாலக்காட்டு எல்லையிலும் பாடுபடும் நம்மைப் பற்றி நெடுங்காலம் பிறர்தாம் எழுதி வந்தார்கள். கோட்டயத்துப் பத்திரிகைக்கு நாம் தமிழர்; மதுரைப் பத்திரிகைக்கு நாம் கேரளத்துக்காரர். இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி, இரண்டு வீட்டிலும் இலை போடவில்லை. லயத்துக் கூரை ஒழுகுவது செய்தியாக வேண்டுமென்றால் அதன் கீழே ஒரு சாவு விழ வேண்டியிருந்தது.

2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் அமர்ந்த நம் பெண்கள் இதை மாற்றினார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, காமிராவின் முன் தாங்களே பேசினார்கள். 232 ரூபாய் நாட்கூலியில் குடும்பம் ஓடும் கதையை நம் தமிழிலேயே சொன்னார்கள். ஒன்பதாம் நாள் 20 சதவீதம் கிடைத்தது. பொம்பிளை ஒருமை என்ற பெயர் நாடெங்கும் தெரிந்தது. அவர்கள் கேட்ட 500 ரூபாய்க் கூலியோ அன்று கிடைக்கவில்லை. 301 ரூபாயோடு நின்றுவிட்டது.

இன்று அந்தக் காமிரா நம் மடியிலேயே இருக்கிறது. அதன் வலிமையை அட்டப்பாடி காட்டியது. 2018 பிப்ரவரியில், அரிசி திருடினார் என்று பழி சுமத்திப் பழங்குடி இளைஞர் மதுவை அடித்துக் கொன்றார்கள். பிடித்தவர்களே எடுத்துப் பரப்பிய படம்தான் நாட்டை உலுக்கியது. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் பெட்டிமுடியை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6, கொட்டும் மழை இரவு. மலை சரிந்து லயங்களை மூடியது. மின்சாரம் இல்லை, டவர் இல்லை. போன் இருந்து என்ன பயன்? விடிந்த பிறகுதான் வெளியுலகம் அறிந்தது. 70 உயிர்கள்! நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. 7-ஆம் தேதி இரவு கரிப்பூரில் விமானம் விழுந்தது. காமிராக்கள் அங்கே திரும்பின. அந்தக் குடும்பங்களின் துயரத்தை நாம் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அங்கே இறந்தவருக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடியில் இறந்தவருக்கு 5 லட்சம். ஏன் இந்த வேறுபாடு என்று எழுந்த குரலில் நம் பிள்ளைகளின் போன்களும் சேர்ந்தன.

இதே போன் நம்மைக் கெடுக்கவும் கூடும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு சச்சரவின்போது இடுக்கித் தோட்டங்களிலிருந்து நம்மவர் காட்டுவழியாகத் தேனிக்கு இறங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அடியும் உண்மை, அச்சமும் உண்மை. அத்தோடு வதந்தியும் கலந்து ஓடியது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தாமே! அந்த அச்சம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாதா?

ஆகவே படம் எடுக்கும் தோழர்கள் நாள், நேரம், தோட்டம், டிவிஷன் ஆகியவற்றைச் சொல்லி எடுங்கள். பிறர் அனுப்பியதென்றால் அந்த ஊரில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் தள்ளிவிடாதீர்கள். சாவு வீட்டில் அழும் தாயின் முகத்தை அவள் சம்மதமில்லாமல் காட்டாதீர்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. டவர் கிடைக்காத டிவிஷன்களின் பெயர்களைக் கிளைச் செயலாளர்கள் இன்றே எழுதித் தாருங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் மனு கொடுக்க வேண்டும்.