"நேத்து உங்க டீம் ஜெயிச்சிருச்சே பாய்!"

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

கிரிக்கெட் பற்றி ஒரு மவ்லவி பேசப்போகிறார் என்றதும், ஹராமா ஹலாலா என்று ஃபத்வா கொடுக்கப்போகிறேன் என நினைத்து வந்திருப்பீர்கள். அதற்காக நான் வரவில்லை. கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் சகோதரரிடம், ஒரு வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்கிறாரே, அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

"நேத்து உங்க டீம் ஜெயிச்சிருச்சே பாய்! ஸ்வீட் எதுவும் கிடையாதா?"

இந்த வார்த்தை காதில் விழாத முஸ்லிம் வியாபாரி இந்தச் சபையில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒரு கை கூட எழவில்லை!

கேட்டவர் யார்? சங்பரிவார ஆளா? இல்லை. இருபது வருடமாக நம்மிடம் கணக்கு வைத்துச் சரக்கு எடுப்பவர். நம் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டவர். கள்ளம் இல்லாமல்தான் கேட்கிறார். அதுதான் சங்கடம். கலவரக்காரன் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று நமக்குத் தெரியும். நண்பர் கேட்டால்?

அந்த 'உங்க' என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். லாகூரில் நமக்கு மாமன் மச்சான் உண்டா? கராச்சிக்கு வழி தெரியுமா? நம் பாட்டன், முப்பாட்டன் கப்ருகள் இந்த ஊர் மையவாடியில்தானே இருக்கின்றன! நாடு பிரிந்தபோது இங்கேயே இருப்பது என்று முடிவு செய்தவர்களின் பிள்ளைகள் நாம். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காக வாதாடிய காயிதே மில்லத்தின் மண் இது. ஆனாலும் 2021ல் துபாயில் பாகிஸ்தான் ஜெயித்தபோது நம்மிடம் ஸ்வீட் கேட்டார்கள். 2025 செப்டம்பரில் அதே துபாயில் ஆசியக் கோப்பையில் மூன்று முறை மோதி மூன்றிலும் பாகிஸ்தான் தோற்றபோது, "என்ன பாய், மூணு தடவையும் உங்க ஆளுங்க அவுட்டு" என்று நம்மிடம் துக்கம் விசாரித்தார்கள். ஜெயித்தாலும் உங்க டீம், தோற்றாலும் உங்க டீம்!

என் மச்சான் ஒருவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம் என்றால் அன்று கல்லாவுக்குப் பக்கத்தில் டிவியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். இந்தியா ஒரு பவுண்டரி அடித்தால் போதும், கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி கைதட்டுவார். ஒருநாள், "உங்களுக்குக் கிரிக்கெட் மேல் இவ்வளவு ஆசையா?" என்று கேட்டேன். "எனக்கு என்ன தெரியும் மச்சான்? எல்பிடபிள்யூன்னா என்னன்னே இன்னைக்கு வரைக்கும் புரியல. ஆனா நாலு பேர் பார்க்க நான் கைதட்டணும்ல" என்றார்.

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. ஐம்பத்தைந்து வயது மனிதர். வருமான வரி, ஜிஎஸ்டி ஒழுங்காகக் கட்டுபவர். புரியாத ஆட்டத்துக்குக் கைதட்டித் தன் நாட்டுப்பற்றுக்கு ரசீது வாங்க வேண்டிய நிலையில் இருக்கிறார்.

இந்தச் சோதனை நம் நாட்டில் மட்டும் உள்ளதல்ல. 1990ல் பிரிட்டனில் நார்மன் டெபிட் என்ற ஆளுங்கட்சி அரசியல்வாதி, குடியேறிய ஆசிய மக்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை வைத்து அவர்கள் விசுவாசத்தை அளக்கலாம் என்றார். 'கிரிக்கெட் டெஸ்ட்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்த அளவுகோலில் லண்டனிலும் பர்மிங்காமிலும் இந்திய அணிக்காக நீலச்சட்டை போட்டு ஆரவாரம் செய்யும் குஜராத்தியும் பஞ்சாபியும் தோற்றுப்போவார்கள். அங்கே அதை அநியாயம் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அங்கேயாவது வெளியிலிருந்து போய்க் குடியேறியவர்களிடம் கேட்டார்கள். இங்கே மண்ணின் மைந்தர்களிடம் கேட்கிறார்கள்!

சரி, அடுத்தவர்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் அது நேர்மை அல்ல. என் கதையையும் சொல்கிறேன்.

1999 ஜனவரி. டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தை சிவசேனைக்காரர்கள் தோண்டிப் போட்டுவிட்டதால் முதல் டெஸ்ட் சென்னை சேப்பாக்கத்துக்கு வந்தது. நான் அப்போது மதரஸா மாணவன். நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து மதரஸா திறந்த புதிது. 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, உஸ்தாதுக்குத் தெரியாமல் நாங்கள் நாலு பேர் டீக்கடை ரேடியோ முன்னால் நின்றோம். இந்தியாவுக்கு இலக்கு 271. சச்சின் முதுகுவலியோடு நின்று 136 அடித்தார். அவர் அவுட் ஆனபோது தேவை 17 ஓட்டங்கள்தான். அடுத்த மூன்று விக்கெட்டும் மளமளவென்று சரிந்தன. 258ல் எல்லாம் முடிந்தது. 12 ஓட்டத்தில் பாகிஸ்தான் வெற்றி.

கடைசி விக்கெட் விழுந்ததும் எங்களில் ஒருவன் சத்தமாக "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். அந்த ஒருவன் நான்தான்.

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு மாதக் கணக்கில் கடன் டீ கொடுத்தவர் அவர். அதே நேரம் சேப்பாக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. வசீம் அக்ரமும் அவர் ஆட்களும் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1997ல் சயீத் அன்வர் 194 அடித்தபோதும் இதே சேப்பாக்கம் எழுந்து நின்றது.

சேப்பாக்கத்தில் கைதட்டியவர்களில் பெரும்பாலோர் இந்துச் சகோதரர்கள். அவர்கள் மீது யாரும் தேசத்துரோகச் சட்டத்தைப் பாய்ச்சவில்லை. பாய்ச்சவும் கூடாது. அவர்கள் கைதட்டல் ஆட்டத்துக்கு. என்னுடைய அல்ஹம்துலில்லாஹ் ஆட்டத்துக்கா? மனதில் கை வைத்துச் சொல்கிறேன், இல்லை.

விஷயம் எப்படியோ உஸ்தாதின் காதுக்குப் போனது. அடிக்கப்போகிறார் என்று நடுங்கினோம். அவர் கேட்டது ஒன்றுதான். "வசீம் அக்ரமுக்கு உன்னைத் தெரியுமாடா? டீக்கடைக்காரருக்கு உன்னைத் தெரியும். யாரைச் சங்கடப்படுத்திட்டு வந்திருக்கே?" பிறகு புகாரியில் வரும் அந்த ஒட்டகச் சம்பவத்தைச் சொன்னார். நபி (ஸல்) அவர்களின் 'அள்பா' என்ற ஒட்டகத்தைப் பந்தயத்தில் யாரும் முந்தியதில்லை. ஒரு கிராமவாசி வந்து தன் இளம் ஒட்டகத்தால் அதை முந்திவிட்டார். தோழர்களுக்குப் பொறுக்கவில்லை. நபியவர்களோ, இவ்வுலகில் உயர்கிற எதையும் அல்லாஹ் ஒருநாள் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தில் சொல்லிவிட்டு, தோல்வியை அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள். தன் சொந்த ஒட்டகம் தோற்றதற்கே இவ்வளவுதான்!

இன்றைக்குச் சில இளைஞர்கள், பாகிஸ்தான் ஜெயித்தால் உம்மத்தே ஜெயித்ததாக நினைக்கிறார்கள். களத்தில் ஒரு வீரர் ஸஜ்தா செய்வதைப் பார்த்து உருகிப்போகிறார்கள். நான் ஒன்று கேட்கிறேன். 2023 அக்டோபர் 23, அதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் மோதின. ஆப்கானிஸ்தான் 8 விக்கெட்டில் ஜெயித்தது. அன்று உம்மத் எந்தப் பக்கம் ஆடியது? முஹாஜிர்களும் அன்சாரிகளும் தகராறில் ஆளுக்கொரு குழுப்பெயரைச் சொல்லி ஆள் கூப்பிட்டபோது, அந்த அழைப்பையே நாற்றமெடுத்தது என்று கண்டித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். குழுவெறிக்குப் பச்சைச்சட்டை போட்டுவிட்டால் அது தீன் ஆகிவிடாது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு நோயும் நம்மிடம் இருக்கிறது. 2021ல் பாகிஸ்தானிடம் 10 விக்கெட்டில் இந்தியா தோற்றது. பதினோரு பேர் சேர்ந்து தோற்ற ஆட்டத்துக்கு முஹம்மது ஷமி ஒருவரைத் துரோகி என்று சமூக வலைதளங்களில் ஏசினார்கள். மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவது மிகக் கேவலம் என்று கேப்டன் கோலி வெளிப்படையாகக் கண்டித்தார், அவரைப் பாராட்ட வேண்டும். 2023 உலகக்கோப்பை அரையிறுதியில் அதே ஷமி 7 விக்கெட் எடுத்தார். உடனே நம் ஆட்கள் செல்போனில், "பார்த்தீர்களா, நாட்டின் மானத்தைக் காத்தவர் யார்?" என்று அனுப்பித் தள்ளினார்கள். எனக்கும் நாற்பது பேர் அனுப்பியிருப்பார்கள். நம் குடியுரிமைப் பட்டாவை ஷமியின் பந்துவீச்சில் கொண்டுபோய் அடகு வைக்கிறீர்களா? அவர் அடுத்த ஆட்டத்தில் கேட்சை விட்டால் பட்டா ரத்தாகிவிடுமா? 7 விக்கெட் எடுத்தது அவர் திறமை. நாம் இந்த நாட்டின் குடிமக்கள் என்பதற்கு ஒரு விக்கெட்டும் தேவையில்லை.

இளைஞர்களே, இது வெறும் கேலியோடு முடிகிற விஷயம் அல்ல என்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன். 2017 ஜூனில் சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தான் ஜெயித்தது. மத்தியப் பிரதேசம் புர்ஹான்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள் என்று முஸ்லிம்களைக் கைது செய்தார்கள். கூலி வேலை செய்யும் ஏழைகள். முதலில் தேசத்துரோக வழக்கு. சில நாட்களில் அது நிற்காது என்று தெரிந்து வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். புகார் கொடுத்ததாகக் காவல்துறை காட்டிய இந்துச் சகோதரரே, தான் அப்படி ஒரு புகார் கொடுக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2023ல்தான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆறு வருடம்! அதற்குள் அவர்களில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டு போய்விட்டார்.

2021 அக்டோபரில் ஆக்ராவில் மூன்று காஷ்மீர் மாணவர்கள், செல்போன் ஸ்டேட்டஸுக்காகக் கைதானார்கள். அந்த ஊர் வழக்கறிஞர்கள் அவர்களுக்காக ஆஜராக மாட்டோம் என்றார்கள். ஐந்து மாதம் கழித்து 2022 மார்ச்சில்தான் அலகாபாத் உயர்நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. வெற்று முழக்கங்களின் காற்றுக்கு வளைகிற மூங்கில் அல்ல இந்தியாவின் ஒற்றுமை என்ற பொருளில் நீதிபதி எழுதினார். நல்ல தீர்ப்பு. ஆனால் படிக்கப்போன பிள்ளைகள் சிறையில் இருந்த ஐந்து மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

வன்முறையைத் தூண்டாமல் ஓரிரு முறை முழக்கம் போடுவது தேசத்துரோகம் ஆகாது என்று பல்வந்த் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. பழைய 124ஏ பிரிவை 2022ல் நிறுத்தியும் வைத்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 152 என்று வேறு பெயரில் ஒரு பிரிவு இருக்கிறது. சட்டம் நம் பக்கம் என்று தைரியமாகச் சொல்லலாம். அந்தச் சட்டம் நம்மிடம் வந்து சேர ஐந்து மாதமோ ஆறு வருடமோ ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த 2021 துபாய் ஆட்டத்தன்று இரவு பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், பச்சை இதயம் இரண்டைப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். ஒரு மணி நேரத்தில் அதைப் படம் எடுத்து யாரோ ஒரு குழுவில் போட்டுவிட்டார்கள். 'போலீஸுக்கு அனுப்பு' என்று கீழே பத்துப் பேர் எழுதினார்கள். பையனின் அத்தா பிளாஸ்டிக் கடைக்காரர். நடு இரவில் என் வீட்டுக்கு வந்து நின்றார். பேச்சு வரவில்லை. ஜமாஅத்தில் நாலு பேரைக் கூப்பிட்டேன். அதற்குள் அவர் பக்கத்துக் கடை மளிகை அண்ணாச்சி முந்திக்கொண்டு அந்தக் குழுவில் பேசியிருக்கிறார். "நான் தூக்கி வளர்த்த பய. அவன் அப்பன்கிட்ட நான் பேசிக்கிறேன், படத்தை எடுங்க" என்று. படத்தை எடுத்தார்கள். காலையில் பையனைக் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனோம். அவர் பையனைத் திட்டவில்லை. "உனக்கு ஷாஹீன் அஃப்ரிடி போட்ட பந்து பிடிச்சிருந்தா, என்கிட்ட வந்து சொல்லு, எனக்கும்தான் பிடிச்சுது. ரோகித்துக்குப் போட்ட அந்தப் பந்தை யார் ஆட முடியும்?" என்றார். பையன் அங்கேயே அழுதுவிட்டான்.

வணிகப் பெருமக்களுக்கு நான் சொல்வதும் அண்ணாச்சி பேசிய பேச்சைத்தான். "உங்க டீம் ஜெயிச்சிருச்சே" என்று ஒருவர் கேட்டால் கோபப்படாதீர்கள், கும்பிடும் போடாதீர்கள், வீட்டு விசுவாசப் பத்திரத்தை எடுத்துக் காட்டாதீர்கள். "பனி பெய்யுற ஊர்ல டாஸ் தோத்தா என்னண்ணே பண்றது?" என்று ஆட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். நெருங்கிய நண்பராக இருந்தால், ஆட்டம் இல்லாத இன்னொரு நாளில், டீ வாங்கிக் கொடுத்து, "அந்த 'உங்க'ங்கிற வார்த்தை குத்துதுண்ணே" என்று ஒருமுறை சொல்லுங்கள். நான் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்படி நினைச்சுச் சொல்லலையே பாய்" என்று பதறிப்போனார். அதற்குப் பிறகு அவர் வாயில் அந்த வார்த்தை வரவில்லை. எல்லோரும் அப்படி மாறுவார்கள் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

2025 செப்டம்பரில் ஆசியக் கோப்பை ஆட்டம். பஹல்காமில் 26 உயிர்களைக் கொடியவர்கள் பறித்த ஐந்தாவது மாதம். இந்திய வீரர்கள் பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைகூடக் கொடுக்கவில்லை. டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. எனக்கு மச்சான் ஞாபகம் வந்து போன் செய்தேன். "டிவியை எடுத்து வச்சாச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல மச்சான். ஆயுத பூஜை வருது, சரக்கு வந்து எறங்கியிருக்கு, பில்லு போடவே நேரமில்ல. ஸ்கோர் கேட்டவங்ககிட்ட செல்லுல பார்த்துக்கங்கன்னு சொல்லிட்டேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"ஒருத்தர் சிரிச்சார். அவருக்கு ரெண்டு குக்கர் வித்தாச்சு."

எல்பிடபிள்யூ இப்போதாவது புரிந்ததா என்று கேட்டேன். அதைத் தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.