அணையாத தீ



காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இதனை அழற்சி என்பர். இஃது உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் முயற்சியே. அடுப்பிலே எரியும் தீ சோறு சமைக்கும். அதுவே அணையாது கூரையைப் பற்றினால் வீட்டை அழிக்கும். அழற்சியும் அத்தகையதே. புற்றுநோய்க்கும் அழற்சிக்கும் உறவுண்டு என்பதை 1863-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் விர்ச்சோ சுட்டிக் காட்டினார்.

இத்தீயை மூட்டும் நொதிகளுள் ஒன்று சைக்ளோ ஆக்சிஜனேஸ். அரக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தைப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றும் வேலையை அது தொடங்கி வைக்கிறது. இதில் இரு வகை உண்டு. முதலாவது, இரைப்பையின் உட்படலத்தைக் காத்தல் போன்ற அன்றாடப் பணிகளைச் செய்வது. இரண்டாவது, பெரும்பாலும் காயமோ கிருமியோ நேரும்போது எழுவது, 1991-இல் கண்டறியப்பட்டது. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கிறது என 1971-இல் விளக்கிய ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

கருப்பையின் உட்படலத்தில் தோன்றும் புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் இவ்விரண்டாம் நொதி மிகுந்திருக்கக் காண்கின்றனர். அதனால் விளையும் புரோஸ்டாகிளாண்டின், புதிய இரத்தக் குழாய்கள் தோன்றத் துணைபுரிகிறது. மடியவேண்டிய செல்களை மடியாமல் காக்கிறது. மேலும், ஈஸ்ட்ரோஜனை ஆக்கும் அரோமட்டேஸ் என்னும் மற்றொரு நொதியையும் அது தூண்டவல்லது. மாதவிடாய் நின்ற பின்னர் ஈஸ்ட்ரோஜன் பெரிதும் கொழுப்புத் திசுவிலேயே உண்டாகிறது. எதிர்நின்று அடக்கும் புரோஜெஸ்டிரோன் இல்லாதபோது, அந்த ஈஸ்ட்ரோஜன் உட்படலத்தை வளர்த்துக்கொண்டே போகும். உடற்பருமன் உள்ளோர்க்கு இந்நோய் மிகுதியாக வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

அப்படியாயின் அந்நொதியைத் தடுக்கும் மருந்தை உண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் இரண்டாம் நொதியை மட்டும் தடுத்த ரோஃபெகாக்சிப் என்னும் மருந்து, மாரடைப்பு அபாயத்தை மிகுவித்தமையால் 2004-இல் சந்தையிலிருந்து மீட்கப்பட்டது. ஒரு வாயிலை அடைத்தால் வேறொரு வாயிலில் வெள்ளம் புகுவதுண்டு. ஆகவே எவரும் தாமாக மாத்திரை விழுங்குதல் கூடாது.

இனி, என் வீட்டுச் செய்தி ஒன்று. என் தமக்கையாருக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டுகள் கழிந்தபின் உதிரப்போக்கு ஏற்பட்டது. நாணத்தால் ஓராண்டு மறைத்தார். மருத்துவரிடம் சென்றபோது நோய் கருப்பையைக் கடந்திருந்தது. முப்பதாண்டுகள் வகுப்பறையில் உடலியல் கற்பித்த நான், என் இல்லத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. அவருடைய நாணத்தில் என் மௌனத்துக்கும் பங்குண்டு என்பதை நான் மறக்கவில்லை.

அத்தகைய உதிரப்போக்கு எல்லாமே புற்றுநோய் அன்று. பெரும்பாலும் வேறு காரணங்களே இருக்கும். எனினும் ஒரு துளியாயினும் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். நோய் கருப்பைக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டால், அறுவை மருத்துவத்தால் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

மாணவர்களே, நொதியின் பெயரைத் தேர்வுக்குப் பின் மறந்தாலும் குற்றமில்லை. இன்றிரவே உங்கள் அன்னையிடமும் பாட்டியிடமும் இதனைச் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியதை நீங்கள் சொல்லுங்கள்.