பாட்டிலிலிருந்து பால்கனிக்கு: ஒரு ஆர்க்கிட் கணக்கு

(நமது சங்கத்தின் ஜூலை மாதக் கூட்டத்தில், மாடித்தோட்டக் குழு சார்பில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் சார் போன் செய்து "கூட்டத்தில் நீங்கள் கொஞ்சம் பேச வேண்டும்" என்றதும், மெயின்டனன்ஸ் பாக்கி ஏதாவது விட்டுப்போச்சோ என்று ரசீதுகளைத் தேட ஆரம்பித்துவிட்டேன். ஆர்க்கிட் பற்றி என்ற பிறகுதான் நிம்மதி.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, 35 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். செடி வளர்ப்பது என் மனைவியின் இலாகா. அவள் என்னை நம்பி விட்டுப்போன 25 நாற்றுகளை நான் எப்படிக் கொன்றேன், அடுத்த 25-ல் 16-ஐ எப்படிக் காப்பாற்றினேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

போன வருடம் ஏப்ரலில் மகளின் பிரசவத்துக்காக அவள் கோவை போனாள். போன மூன்றாம் நாள் கூரியரில் ஒரு பிளாஸ்க் வந்தது. பிளாஸ்க் என்றால் காபி பிளாஸ்க் இல்லை. வாய் அடைத்த கண்ணாடி பாட்டில். அடியில் ஜெல்லி, அதில் நெருக்கமாகச் சின்னச் சின்னப் பச்சை நாற்றுகள். டென்ட்ரோபியம் வகை.

எதற்கு பாட்டிலில் வளர்க்கிறார்கள் என்று நானும் கேட்டேன். ஆர்க்கிட்டின் ஒரு காயில் லட்சக்கணக்கில் விதை இருக்கும், தூசி மாதிரி. நெல்லுக்கும் உளுந்துக்கும் உள்ளே இருப்பது போல அதற்குள் சாப்பாடு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து சேர்ந்து ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சை இல்லாமலே, சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த ஜெல்லியில் முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் 1922-ல் காட்டினார். அந்த ஜெல்லி வேறொன்றுமில்லை, நோன்புக் காலத்தில் நம் நண்பர்கள் வீட்டிலிருந்து வருமே கடல்பாசி, அதே சரக்குதான்.

போனில் மனைவி சொன்னாள், "ஜெல்லியை நல்லா கழுவிடுங்க, டப்பாவுக்குள்ள மூடி வைங்க." நான் என்ன செய்தேன்? ஜெல்லி சத்துதானே, கொஞ்சம் இருக்கட்டும் என்று அரைகுறையாகக் கழுவினேன். இத்தனை நாள் பாட்டிலுக்குள் அடைபட்டுக் கிடந்ததே பாவம் என்று திறந்த பால்கனியில் காற்றாட வைத்தேன். ஏப்ரல் மாதம். இரண்டாம் நாள் இலையெல்லாம் வெந்த கீரை போலத் துவண்டது. பயந்துபோய் நாளைக்கு நாலு தடவை தண்ணீர் ஊற்றினேன். மிச்சம் இருந்த ஜெல்லியில் வெள்ளையாகப் பூஞ்சை ஓடியது. பத்தாம் நாள் அத்தனையும் அடியில் கறுத்து அழுகிவிட்டன.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். "செடி எப்படிங்க இருக்கு?" என்று அவள் கேட்டபோது, முதல் நாள் எடுத்த போட்டோவை அனுப்பி, நல்லா இருக்கு என்றேன். பேரன் பிறந்த வீட்டில் எதற்குக் கெட்ட செய்தி என்று சமாதானம் வேறு. அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "பின்னாடி தொங்கற காலண்டர்ல தேதி 12. இன்னைக்கு 24." தேதி பார்க்காமல் ஒரு செக்கைக்கூட பாஸ் செய்யாதவன் நான். அன்று தொண்டை அடைத்துவிட்டது. அவள் திட்டவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து இன்னொரு பாட்டில் வரவழைத்தாள். "இதையும் நீங்கதான் எடுக்கணும்," என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

இந்த முறை காரணங்களைப் படித்தேன். பாட்டிலுக்குள் ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம். அங்கே வளர்ந்த இலைக்கு மேல்பூச்சு மெழுகு மிக மெல்லியது. இலையில் உள்ள துளைகளுக்குச் சரியாக மூடத் தெரியாது. வெளிக்காற்று பட்டதும் உள்ளே இருக்கிற தண்ணீரெல்லாம் ஓடிவிடும். ஜெல்லியில் விட்ட வேர்களும் வெளியே அவ்வளவாக உழைக்காது. புது வேர் வர வேண்டும். அதுவரை வரவு கம்மி, செலவு அதிகம். நான் வேரில் தண்ணீரைக் கொட்டியது, முடங்கிய கணக்கில் பணம் போட்டது மாதிரி.

ஆகவே ஆகஸ்டில், வெயில் தணிந்த பிறகு தொடங்கினேன். கூரியரில் குலுங்கி வந்த பாட்டிலைத் திறக்காமல் ஒரு வாரம் வெளிச்சமான நிழலில் வைத்தேன். பிறகு சாதாரணத் தண்ணீரை உள்ளே ஊற்றி மெல்லச் சுழற்றினால் ஜெல்லி இளகும். வாய் குறுகலாக இருந்தால் பேப்பரில் சுற்றி பாட்டிலையே தட்டி உடைத்துவிடலாம், நாற்றைப் பிடித்து இழுக்க வேண்டாம். நாலு தண்ணீர் மாற்றிக் கழுவினேன். பேரனுக்கு என்று வாங்கி வைத்த பெயின்ட் பிரஷ் கைகொடுத்தது. வேரைத் தொட்டால் விரல் வழுக்கக் கூடாது. வழுக்கினால் ஜெல்லி இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சர்க்கரைதான் பூஞ்சைக்கு விருந்து. கடைசியில் பூஞ்சாணக்கொல்லி, பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் ஒரு சிட்டிகைகூட இல்லாமல், கையுறை போட்டுக்கொண்டு.

மண் வேண்டவே வேண்டாம். இந்த வகை மரக்கிளையில் தொற்றி வளர்வது. ஒட்டுண்ணி இல்லை, மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் கேட்கிறது, அவ்வளவுதான். வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தேங்காய் மட்டையைச் சின்னத் துண்டாக நறுக்கி, சாயம் இறங்குவது நிற்கும்வரை இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி ஊற வைத்து, வேர்க்கடலை அளவு அடுப்புக்கரியோடு கலந்துகொண்டேன். ஒரு தொட்டிக்கு ஏழெட்டு நாற்று, உயரம் பார்த்துப் பிரித்து. பெரியதும் சின்னதும் ஒன்றாக இருந்தால் சின்னது நிழலில் மாட்டிக்கொள்ளும். தனித்தனிக் குட்டித் தொட்டி என்றால் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் கூட்டுக்குடித்தனம்.

இனி மூடி. கேக் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, முதல் வாரம் காலை மாலை பத்து நிமிடம் மட்டும் திறந்தேன். இரண்டாம் வாரம் ஒரு ஓரத்தில் பென்சில் செருகினேன். மூன்றாம் வாரம் பாதி திறப்பு. நாலாம் வாரம் இரவில் மட்டும் எடுத்துவிட்டு, பிறகு பகலிலும். இலை துவண்டால் ஒரு படி பின்னால் போக வேண்டும், அவசரப்படக் கூடாது. மூடியில் மெல்லிய ஆவி படியலாம். துளித்துளியாகச் சொட்டினால் ஈரம் அதிகம். நேர் வெயில் கூடவே கூடாது. தினமும் என்ன செய்தேன் என்று ஒரு நோட்டில் எழுதினேன். பழைய புத்தி.

தண்ணீர் விஷயத்தில் நம் போர் தண்ணீரை நம்பாதீர்கள். உப்பு அதிகம், வேர் நுனி கருகும். மழைத் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், இல்லையென்றால் ஏ.சி.யிலிருந்து வடிகிறதே, அது. காலையில் மட்டும். மாலைக்குள் குருத்து காய்ந்திருக்க வேண்டும். என் தொட்டித் தண்ணீர் இரண்டாம் மாடி சாரின் வேட்டியில் சொட்டியது பற்றி வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோரும் படித்திருப்பீர்கள். இப்போது அடியில் தட்டு வைத்திருக்கிறேன். அவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார். மன்னிக்கணும் சார்.

பச்சை நுனியோடு புது வேர் தெரியும்வரை உரம் கிடையாது. எனக்கு ஆறாவது வாரம் தெரிந்தது. அதன் பிறகு 19:19:19 உரம், பாக்கெட்டில் சொன்னதில் கால் பங்கு, வாரம் ஒரு முறை.

முதல் வாரம் மூன்று போயின. இரண்டைப் புறா பிடுங்கியது. அதன் பிறகுதான் வலை. நவம்பர் மழையில் நாலு அழுகின. மழை பிடித்துக்கொண்டால் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது. மீதி 16. போன மாதம் தனித்தனித் தொட்டிக்கு மாற்றினேன், விரல் நீளம் வந்திருக்கின்றன. பூ வர இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். எனக்கு இப்போதே 66.

அடுத்த மாதம் அவள் மறுபடியும் கோவை போகிறாள். தினமும் ஒரு போட்டோ அனுப்ப வேண்டுமாம், அன்றைய பேப்பரைப் பக்கத்தில் வைத்து.

அதற்குள் ஆறு செடிகளைக் கொடுத்துவிடலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். பிளாக்குக்கு இரண்டு. காலை வெளிச்சம் வரும் பால்கனி உள்ளவர்களுக்கு முன்னுரிமை. ஞாயிறு பத்து மணிக்கு மேல் வாருங்கள். அடித்தட்டு மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும்.