வரைபடம் கைமாறும்போது அளவு மாறலாகாது

நில ஆவணங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் பணி 2008-ஆம் ஆண்டில் தேசிய அளவிலான திட்டமாகத் தொடங்கப்பெற்றது. 2016 முதல் அது முழுவதும் மத்திய அரசின் நிதியில், டிஜிட்டல் இந்தியா நில ஆவண நவீனமயத் திட்டம் என்னும் பெயரில் நடைபெற்று வருகிறது. இத்திட்டத்தின் முன்னேற்றம் குறித்துப் பேசுகையில், எத்தனை கிராமங்களின் வரைபடங்கள் கணிப்பொறியில் ஏறின என்ற கேள்வியே முதலில் எழுகிறது. ஏறிய வரைபடத்தில் உள்ள வயல், தரையில் உள்ள வயலின் அளவினதாக இருக்கிறதா என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. ஆயினும் உழவனைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது கேள்வியே முதற்கேள்வி.

பழைய கிராம வரைபடங்கள் பல, குறிப்பாகப் பீகார் போன்ற மாநிலங்களில், ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டவை. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை நினைவுகூர்தல் நன்று. 66 அடி நீளமுள்ள சங்கிலியே அன்றைய நில அளவையின் அடிப்படைக் கருவி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். மைலுக்கு 16 அங்குலம் என்றால் ஓர் அங்குலத்திற்கு 330 அடி, அதாவது சரியாக ஐந்து சங்கிலி. வரைபடத்தின் ஒரு சதுர அங்குலம் தரையில் இரண்டரை ஏக்கர். மனக்கணக்காகவே பரப்பைச் சொல்லிவிடக்கூடிய இவ்வேற்பாட்டைச் செய்தவர்கள் நடைமுறை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. பின்னமாக எழுதினால் இந்த அளவு விகிதம் 1:3960. மெட்ரிக் முறைக்கு நாடு மாறிய பின்னர் வரையப்படும் வரைபடங்களுக்கு 1:4000 என்ற முழு எண் வசதியாக அமைந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு 40 மீட்டர் என்பது புதிய தலைமுறைக்கு எளிதன்றோ!

தொல்லை இங்குதான் தொடங்குகிறது. இரண்டு எண்களும் அருகருகே இருப்பவை. 3960 என்று இட வேண்டிய இடத்தில் 4000 என்று இட்டால் நீளத்தில் ஒரு சதவீதம் கூடும். நீளத்தில் ஒரு சதவீதம் என்றால் பரப்பில் இரண்டு சதவீதத்திற்குச் சற்று மேல். ஓர் ஏக்கரில் அது ஏறத்தாழ 884 சதுர அடி. ஒரு ஹெக்டேரில் 203 சதுர மீட்டர். சிறிய வீடு ஒன்று கட்டப் போதுமான மனை!

கணிப்பொறி வரைவு முறையில் இப்பிழை எவ்வாறு நுழைகிறது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். தாளில் வரைபவர் முதலில் அளவு விகிதத்தை முடிவு செய்துகொண்டு பின்னர்தான் கோடு இழுப்பார். ஆட்டோகேட் போன்ற மென்பொருளில் நிலைமை வேறு. அங்கே 200 மீட்டர் நீளமுள்ள வரப்பு 200 என்றே பதிவாகும். உருவம் முழு அளவில் கிடக்கும். அளவு விகிதம் என்பது அச்சிடும் வேளையில் மட்டுமே தலைகாட்டும். ஆனால் அந்த 200 என்பது 200 மீட்டரா, அடியா, மில்லிமீட்டரா என்பது கோட்டிலே எழுதப்பட்டிருப்பதில்லை. கோப்பின் தலைப்புப் பகுதியில் அலகைக் குறிக்க ஓர் எண் உண்டு. அங்குலத்திற்கு 1, அடிக்கு 2, மில்லிமீட்டருக்கு 4, மீட்டருக்கு 6 என்பன வழக்கம். அங்கே 0 இருந்தால் அலகு குறிக்கப்படவில்லை என்பது பொருள். அத்தகைய கோப்பு மற்றோர் அலுவலகத்தை அடையும்போது, அங்குள்ள மென்பொருள் தனக்குத் தோன்றிய அலகை ஏற்றுக்கொள்ளும். புவித் தகவல் மென்பொருள்களில் வழங்கும் ஷேப் கோப்பின் நிலையும் இதுவே. அது தனிக் கோப்பு அன்று, ஒரு குடும்பம். அலகையும் ஆயத்தொலை முறையையும் சொல்லும் சிறு கோப்பு வழியில் விடுபட்டுப் போனால், எஞ்சியவை வெறும் எண்களே.

இத்தகைய பிழைகளுள் பெரியவை அஞ்சத்தக்கவை அல்ல. மில்லிமீட்டரை அங்குலமாகக் கொண்டால் உருவம் 25.4 மடங்காகப் பெருகும்; பத்து மீட்டர் வீடு 254 மீட்டராகத் திரையில் நிற்கும். யாரும் அதைக் கண்டு ஏமாற மாட்டார்கள். மீட்டரும் அடியும் மாறினாலும் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு வரும். அதுவும் கண்ணில் படும். இரண்டு சதவீதப் பிழைக்கோ ஆரவாரமில்லை. அது சரிபார்ப்பவரின் கண்ணைக் கடந்து, பதிவேட்டைக் கடந்து, நீதிமன்றத்தின் வாயிலில்தான் முதன்முதலாகத் தன்னை அறிவித்துக்கொள்கிறது.

பொருளாதார நோக்கில் இதன் விளைவு சிறிதன்று. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி ஊரகப் பகுதியில் சந்தை மதிப்பு இரண்டு மடங்கு வரை உயர்த்தப்படலாம்; அதன் மேல் நூறு சதவீத ஆறுதல் தொகையும் உண்டு. ஆக, பரப்பில் ஏற்படும் ஒவ்வொரு சதுர மீட்டர் பிழையும் சந்தை விலையின் நான்கு மடங்கு வரை பணமாக மாறக்கூடும். பிழை ஒரு பக்கம் சாய்ந்தால் அரசின் பொருள் வீணாகும்; மறுபக்கம் சாய்ந்தால் நிலத்தை இழப்பவன் இரண்டாம் முறையும் இழப்பான்.

அப்படியானால் வரைபடத்தில் எழுதியுள்ள எண்ணை அப்படியே இட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏனெனில் தாள் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் மடித்தும் சுருட்டியும் வைக்கப்பட்ட வரைபடத்தில், வரைந்தபோது பத்து அங்குலமாக இருந்த கோடு இன்று 9.9 அங்குலமாக இருக்கலாம். அந்தத் தாளின் உண்மையான அளவு விகிதம் இப்போது 1:3960 அன்று. கணக்கிட்டுப் பார்த்தால் அது 1:4000! அதாவது, கவனமின்றி 4000 என்று இட்டவரின் விடை அந்த ஒரு தாளில் சரியாக அமைந்துவிடும். விதியைப் பின்பற்றி 3960 என்று இட்டவரின் விடையோ இரண்டு சதவீதம் குறையும். பக்கத்துக் கிராமத்தின் தாள் சுருங்காமல் இருந்தால் அங்கே நிலைமை தலைகீழ். இரு கிராமங்களின் எல்லைக்கோடுகளும் திரையில் பொருந்தாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ இடைவெளி விட்டோ நிற்பதற்கு இது ஒரு காரணம். மேலும் தாள் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆகவே ஒரே ஒரு நீளத்தைக் கொண்டு முழுத்தாளையும் விரித்துவிடுவதும் பிழையே.

எனவே அளவு விகிதம் தாளில் எழுதிய எண்ணிலோ கோப்பின் தலைப்பிலோ இல்லை. தரையில் அறியப்பட்ட தூரத்தில் இருக்கிறது. மூன்று கிராமங்கள் கூடும் இடத்தில் நடப்பட்ட முச்சந்திக் கற்கள், அழியாத பழைய எல்லைக் கற்கள் ஆகியவற்றின் இடையே உள்ள தூரத்தைக் களத்தில் அளந்து, அந்தத் தூரத்திற்கு வரைபடத்தைப் பொருத்துவதே முறை. வருடப்பட்ட படத்தை மென்பொருள் எந்த அளவில் கொணர்ந்து வைத்தாலும், குறைந்தது இரண்டு திசைகளில் இவ்வாறு சரிபார்த்தபின் பிழை மறைய இடமில்லை.

பஞ்சாப், அரியானா பகுதிகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. அங்கே பட்வாரியின் துணிப்படத்தில் வயலின் பக்கங்கள் ‘கரம்’ என்னும் அலகில் குறிக்கப்பட்டிருக்கும். ஐந்தரை அடிக் கரமாயின், 36-க்கு 40 கரமுள்ள வயல் மிகச்சரியாக ஓர் ஏக்கர். ஆனால் கரத்தின் நீளம் எல்லாப் பகுதியிலும் ஒன்றன்று. இதை அறியாத ஊரில் அமர்ந்து கோப்பைத் தயாரிப்பவருக்கு அந்த 36 வெறும் 36.

கணிப்பொறி தரும் மற்றொரு மயக்கத்தையும் சுட்டுதல் வேண்டும். திரையில் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே தெரிகிறது. 1:3960 வரைபடத்தில் கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள மைக்கோடு தரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் கொண்டது. அந்த மீட்டருக்குள் எல்லை எங்கே என்பதை எந்த மென்பொருளும் சொல்ல இயலாது. 2020-இல் தொடங்கப்பட்ட ஸ்வாமித்வா திட்டத்தில் ஆளில்லா வானூர்தி கொண்டு குடியிருப்புப் பகுதிகளுக்கு மிக நுட்பமான படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றைச் சூழ்ந்த வயல்களின் பழைய வரைபடத்தோடு ஒரே கோப்பில் இணைக்கும்போது, நுட்பமும் நுட்பமின்மையும் ஒரே தடிப்புள்ள கோடுகளாகி விடுகின்றன. எந்தக் கோடு எந்த மூலத்திலிருந்து வந்தது என்பதைத் தனி அடுக்காகப் பிரித்து வைப்பது நலம்.

அச்சிடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். ஏ1 தாளுக்கென்று அமைத்த படத்தைத் தாளுக்குப் பொருந்துமாறு ஏ3-இல் அச்சிட்டால் நீளங்கள் பாதியாகும். மூலையில் 1:500 என்று எழுதியிருப்பது அப்படியே இருக்கும்; உண்மை 1:1000. எண்ணோடு கோட்டு அளவையும் வரைந்திருந்தால், படம் சுருங்கும்போது அதுவும் சேர்ந்து சுருங்கி உண்மையையே சொல்லும்.

இங்குக் கூடியுள்ள அலுவலர்களின் கையில் இருப்பது ஒப்பந்த ஆவணம். தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் பணியில் விரைவுதான் ஊதியம் பெறும்; சரிபார்ப்பு ஊதியம் பெறாது. ஆகவே ஒவ்வொரு கிராமத்திற்கும் களத்தில் அளந்த சில தூரங்களைத் துறையே தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். ஒப்படைக்கப்படும் கோப்பில் அதே தூரங்களை அளந்து, ஒத்துவந்த பின்னரே தொகை வழங்கப்படும் என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். அத்தூரங்களை ஒப்பந்தக்காரருக்கு முன்னதாகத் தெரிவிக்காதிருப்பது முக்கியம். இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. ஒரு கிராமத்திற்கு ஒரு நாள் அளவையரும், ஒரு நாடாவும் போதும்.